சிடி பிளேயருக்குத் தனி டிஏசி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 20 வருஷத்துப் பழைய சிடி பிளேயர். கச்சேரி சிடிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. இப்போதெல்லாம் பாட்டு மங்கலாகக் கேட்கிறது. தனியாக டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கி மாட்டினால் சரியாகும் என்று லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?
- வாசகர், மாதுங்கா, மும்பை

பதில்: முதலில் பிளேயரின் முதுகைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஜாக்கோடு ‘டிஜிட்டல் அவுட்’ என்று தனியாக ஒரு ஜாக்கோ (பெரும்பாலும் ஆரஞ்சு), சின்ன மூடி போட்ட சதுரத் துளையோ இருக்க வேண்டும். முதலாவது கோஆக்சியல், இரண்டாவது ஆப்டிகல். இரண்டும் இல்லையென்றால் டிஏசி வாங்காதீர்கள், மாட்ட இடமில்லை. கோஆக்சியல் அவுட் உள்ள பழைய டிவிடி பிளேயர் வீட்டில் கிடந்தால், அதில் சிடியைப் போட்டு டிஏசியை மாட்டலாம். அதன் ஆடியோ மெனுவில் ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று வைத்துவிடுங்கள்.

பலன் உண்டா என்றால், உங்கள் விஷயத்தில் உண்டு. சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையின் அளவைக் குறிக்கும் எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களைப் படிக்கும் வேலையைப் பழைய பிளேயரும் ஒழுங்காகவே செய்யும். தேய்வது அதற்குப் பின்னால், ஒலி சிக்னலை வெளியே அனுப்பும் அனலாக் பகுதி: எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும், மும்பையின் உப்புக் காற்றில் ஜாக்குகள் களிம்பேறும். டிஏசி இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுகிறது. ஆனால் வாங்குவதற்கு முன் ஜாக்குகளையும் கேபிள் முனைகளையும் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துக் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் மங்கல் அதிலேயே போய்விடும். சிடியில் கீறல் இல்லாமலே பாட்டு திக்கினால் அது பெரும்பாலும் சிடியைப் படிக்கும் லென்ஸின் கோளாறு. எண்களே சரியாக வராதபோது டிஏசி என்ன செய்யும்?

மாட்டும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். டிவியோடு வந்த மஞ்சள் வீடியோ கேபிள் அதற்குப் பொருந்தும். ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் கண்ணாடி போன்ற குட்டி மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகப் பார்த்து, உள்ளே போகவில்லை என்று அழுத்தி ஜாக்கை உடைத்தவர்கள் நிறைய. சரியாக இருந்தால் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். டிஜிட்டல் அவுட்டை நேராக ஆம்ப்ளிஃபயரில் மட்டும் செருகிவிடாதீர்கள். கிளம்பும் இரைச்சல் ட்வீட்டரை (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரை) பதம் பார்க்கலாம்.

கேள்வி: டிஏசி மாட்டியதும் ஒலி பிரமாதமாகிவிட்டது. வீட்டில் யாரும் நம்ப மறுக்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?
- வாசகர், செம்பூர், மும்பை

பதில்: சத்தம் கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஏசி 2 வோல்ட் கொடுத்து, பிளேயர் 1.6 வோல்ட் கொடுத்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 2 டெசிபல். காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டின் சத்தத்தையும் மல்டிமீட்டரால் சமமாக்க, 200 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சுருதியில் ஒலிக்கும் ஒலியை) ஒரு சிடியில் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் பல, அதிக அலைவெண்ணில் தப்பாகக் காட்டும். பிளேயரின் அனலாக் அவுட்டை ‘சிடி’ இன்புட்டிலும், டிஏசியை ‘ஆக்ஸ்’ இன்புட்டிலும் கொடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து, இரண்டு இன்புட்டுக்கும் ஒரே வோல்ட் வரும் வால்யூம் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு வேறொருவர் மாற்றி மாற்றி வைக்க, நீங்கள் திரும்பி உட்கார்ந்து தம்புராவையும் மிருதங்கத்தின் தொப்பியையும் (கனத்த ஒலி தரும் பக்கம்) கேளுங்கள். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம்.

கேள்வி: டிஏசி வந்த பிறகு ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஹம்.
- வாசகர், டோம்பிவிலி

பதில்: கேபிள் டிவி வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றால் கிரவுண்ட் லூப்தான் (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வழியே சுற்றி ஓடும் மின்னோட்டம்). கோஆக்சியலை விட்டு ஆப்டிகலுக்கு மாறுங்கள்; அதில் போவது வெளிச்சம் மட்டும், கிரவுண்ட் ஒட்டாது. நிற்கவில்லை என்றால் டிஏசியின் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ஹம்மை நிறுத்துவதற்காக ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள்.