மூன்று வருட ஒப்பந்தம், மூன்று வருடச் சம்பளமா?

கேள்வி: ஒஹாயோவில் கல்லூரி அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடும் என் அக்கா மகனை என்.எஃப்.எல். (அங்குள்ள தொழில்முறை லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது. "எடுக்காவிட்டாலும் மூன்று வருட ஒப்பந்தம், 25 லட்சம் டாலருக்கு மேல்" என்கிறார் ஏஜென்ட். பயிற்சிச் செலவுக்கென்று ஒரு பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: மூன்று வருடம் என்பது உண்மை. ஆனால் அது பையனைக் கட்டுகிறது, அணியைக் கட்டுவதில்லை. எந்த நாளும் அவரை நீக்கலாம். கையெழுத்துப் போடும்போது தரும் போனஸையும், 'உறுதி' என்று எழுத்தில் உள்ள தொகையையும் மட்டும் கணக்கில் வையுங்கள். போனஸ் பெரும்பாலும் சில ஆயிரம் டாலர்தான்.

2025இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். அதை 18 வாரங்களுக்குப் பிரித்து, அணியின் இறுதி 53 பேர் பட்டியலில் இருக்கும் வாரத்துக்கு மட்டும் தருவார்கள். பயிற்சி முகாமுக்கு வருவது 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் மற்றவர்களைக் கழித்துவிடுவார்கள். கழித்த பையனை 24 மணி நேரத்துக்குள் வேறு அணி கேட்டால் அங்கே போயாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால்தான் பிராக்டிஸ் ஸ்குவாட், அதாவது 53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் குழு: அணி கூப்பிட்டால் 2025 கணக்கில் வாரம் 13,000 டாலர். புதியவர்களை வளர்க்க வந்த அந்த 16 இடங்களில் ஆறைப் பழைய ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். யாரிடம் போய் முறையிடுவது?

இனி ஏஜென்ட். ஆட்டக்காரர் சங்கத்தின் பதிவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சங்கத்தின் ஏஜென்ட் ஒப்பந்தப் படிவத்தில் எதையும் மாற்றாவிட்டால் 1.5தான். அதுவும் பையன் கைக்குச் சம்பளம் வந்த பிறகே. ஐந்து நாள் முன்னறிவிப்பு எழுதிக்கொடுத்து ஏஜென்ட்டை மாற்றலாம். அதைத் தடுக்கத்தான் இந்தப் பயிற்சிப் பத்திரம்: விலகினால் ஏஜென்ட் செய்த மொத்தச் செலவையும் திருப்பிக் கொடு என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆள் பாருங்கள். "ஸ்கவுட்கள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) வருவார்கள்" என்று கட்டணம் வாங்கும் தனியார் தேர்வு முகாம்களும் வேண்டாம். கல்லூரியே நடத்தும் தேர்வு நாளான புரோ டேவுக்கு ஸ்கவுட்கள் இலவசமாகவே வருவார்கள்.

மால்கம் பட்லர் கதையை ஏஜென்ட் கட்டாயம் சொல்வார். 2014இல் ஒப்பந்தமே இல்லாமல் பேட்ரியட்ஸ் அணியின் முகாமுக்குப் போய், அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கடைசி நிமிடத்தில் பந்தைப் பறித்தவர். நடந்தது நிஜம்தான். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

டிராஃப்ட் முடிந்த சில மணி நேரத்திலேயே இடங்கள் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே ஒரு பட்டியல் போடுங்கள்: பையன் ஆடும் பொசிஷனுக்கு எந்த அணியில் ஆட்கள் குறைவு என்று. டிராஃப்ட் நடக்கும்போது எந்த அணி அந்தப் பொசிஷனுக்கு ஆள் எடுக்கவில்லை என்பதையும் அதில் குறியுங்கள். 5,000 டாலர் கூடுதல் போனஸைவிட இது முக்கியம்.

எந்த நாளும் நீக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, காயம். ஆட்டத்திலோ பயிற்சியிலோ அடிபட்டு, இன்னும் ஆடமுடியாத நிலையில் இருப்பவரை அணி சும்மா அனுப்பிவிட முடியாது. காயக்காரராக நீக்கி, வேறு அணி எடுக்காவிட்டால், அதே அணியின் காயப் பட்டியலுக்குத் திரும்புவார். சம்பளம் உண்டு, ஆனால் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்களின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அதற்கென்று குறைந்த தொகை தனியாக எழுதியிருக்கும். அதையும் கொடுப்பதைத் தவிர்க்க, அணிக்காரர்கள் சில வாரச் சம்பளத்தைக் கையில் கொடுத்துக் கணக்கு முடிக்கப் பார்ப்பார்கள். அன்றே கையெழுத்துப் போடக்கூடாது. வலி வந்த அன்றைக்கே, காயங்களைக் கவனிக்கும் அணி டிரெய்னரிடம் சொல்லி எழுதவைத்திருக்க வேண்டும். முதலில் அணி மருத்துவரிடம் பேசிவிட்டு வெளி மருத்துவரைப் பார்த்தால் அந்தச் செலவு அணியுடையது. குணமாகாமலே நீக்கினால் 25 நாளுக்குள் சங்கத்தின் வழியாகப் புகார் போகவேண்டும். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் பையனே சங்கத்துக்குப் போன் செய்யட்டும்.