60 பேருக்கும் ஒரே மினி புராஜெக்ட்: படைப்பாற்றலை எப்படிக் கேட்பது, எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் வெப்பப் பரிமாற்றம் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். இன்டர்னலுக்கு மினி புராஜெக்ட் கொடுத்தால் பாதிப் பேர் சீனியர்களுடையதை வாங்கிப் பெயரை மாற்றித் தருகிறார்கள். மீதிப் பேர் சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதுகிறார்கள். போன முறை ‘புதுமை’ என்று 10 மதிப்பெண் ஒதுக்கினேன். வண்ண வண்ணமாகப் பிபிடி போட்டவர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது. “எனக்கு ஏன் சார் குறைவு?” என்று கேட்ட மாணவிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எப்படிக் கேட்டால், எப்படி மதிப்பிட்டால் இது சரியாகும்?

பதில்: கோளாறு மாணவர்களிடம் இல்லை. கேட்ட கேள்வியிலும், மதிப்பெண் போய்ச் சேரும் இடத்திலும் இருக்கிறது. இரண்டையும் மாற்ற உங்கள் கையில் போதிய இடம் உண்டு. பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, பருவத்துக்கு இரண்டு அக மதிப்பீடுகள்; ஒவ்வொன்றிலும் 100-க்கு 40 மதிப்பெண் அசைன்மென்ட், கேஸ் ஸ்டடி, கருத்தரங்கு, மினி புராஜெக்ட் வகைக்கு. 60 எழுத்துத் தேர்வுக்கு. அந்த 40 முழுக்க உங்கள் பொறுப்பு.

முதலில் கேள்வி. “வெப்பப் பரிமாற்றிகளின் வகைகள் பற்றி மினி புராஜெக்ட் செய்க” என்றால் விடை இணையத்தில் தயாராகக் கிடக்கிறது. “ஏதாவது புதுமையாகச் செய்யுங்கள்” என்பது இன்னும் மோசம். எல்லைகளே இல்லாத இடத்தில் மனம் தெரிந்த வழியைத்தான் பிடித்துக்கொள்ளும். எல்லைகளை இறுக்கிக் கட்டி, வழியை மட்டும் திறந்துவிட வேண்டும். உங்கள் பாடத்துக்கு ஒரு மாதிரி:

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் வாங்கிய 10 கிலோ மல்லிகை மொட்டு, டெம்போவில் 6 மணி நேரம் போக வேண்டும். வெளியே 35 பாகை செல்சியஸ். மொட்டு 32 பாகையில் இருக்கிறது. அதை 15 பாகைக்குக் கொண்டுவந்து, கடைசிவரை அப்படியே வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லை. மொட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது. பெட்டிக்கு 600 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது.

இதைக் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டின் தன்வெப்ப ஏற்புத்திறனை (ஒரு கிலோவை ஒரு பாகை மாற்றத் தேவையான வெப்பம்) 3.8 கிலோஜூல் என்று வைத்தால், 17 பாகை குளிர்விக்க 10 × 3.8 × 17, அதாவது 646 கிலோஜூல். 1 சதுர மீட்டர் பரப்பும் 25 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள தெர்மாகோல் பெட்டியில், வெப்பக் கடத்துத்திறன் 0.035 (வாட்/மீட்டர்·பாகை) என்றால், 20 பாகை வித்தியாசத்துக்கு 28 வாட் உள்ளே வரும்; 6 மணி நேரத்தில் அது 605 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக, ஐஸ் ஏறக்குறைய 3¾ கிலோ தேவை. மொட்டு சுவாசிப்பதால் எழும் வெப்பம் இதில் சேரவில்லை. அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் குழு இருக்கும். அதற்கு மதிப்பெண் வைத்திருங்கள். இப்படிக் கணக்கும் கேட்டு வழியும் திறந்த கேள்வியில்தான் படைப்பாற்றல் பாடத்தை விட்டு ஓடிப்போகாமல் பாடத்துக்குள்ளேயே வேலை செய்யும்.

பொறியியலுக்கு மட்டும் பொருந்துவது அல்ல இது. தமிழ் இலக்கிய வகுப்பில், தோழி கூற்றாக உள்ள ஒரு குறுந்தொகைப் பாடலைச் செவிலி கூற்றாக மாற்றி எழுதச் சொல்லலாம். முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அந்த நிலத்தின் மரம், விலங்கு போன்றவை) திணையை விட்டு விலகக் கூடாது என்று கட்டுப்பாடு போடலாம். திணை தெரியாதவர் எழுத முடியாது. தெரிந்தவர் எழுதுவதும் ஒன்றுபோல் இருக்காது.

கேள்வியைக் கொடுத்த அன்று, போன வருடத்தின் நல்ல புராஜெக்டை மாதிரியாகக் காட்டிவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்கிற இந்தக் காரியம்தான் அதிகம் கெடுக்கிறது. ஜான்சனும் ஸ்மித்தும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரி வடிவமைப்பு ஒன்றைப் பார்த்தவர்கள் அதன் அம்சங்களைத் தங்கள் வடிவமைப்பிலும் கொண்டுவந்தார்கள். ‘இதைத் தவிருங்கள்’ என்று சொல்லப்பட்ட குறைகள்கூட விடாமல் ஒட்டிக்கொண்டன. மாதிரி காட்டியே ஆக வேண்டுமென்றால் வேறொரு சிக்கலுக்கானதைக் காட்டுங்கள்.

அடுத்து, எண்ணம் திரட்டும் வகுப்பு. ‘எல்லோரும் கலந்து பேசுங்கள்’ என்றால் முன்வரிசையில் இரண்டு பேர் பேசுவார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். குழுவாகப் பேசுவதைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியாக யோசித்துப் பட்டியலைச் சேர்த்தால் எண்ணங்கள் கூடுதலாக வருகின்றன என்று 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது எண்ணம் நழுவிவிடுகிறது. அதனால் எழுத வையுங்கள். ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் சொன்ன 6-3-5 முறை உங்கள் வகுப்புக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். ஆறு ஆறு பேராகப் பத்து வட்டம். ஒவ்வொருவரும் ஒரு தாளில் 5 நிமிடத்தில் 3 எண்ணம் எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தர வேண்டும். வாங்கியவர் மேலே உள்ளதைப் படித்து, அதை நீட்டியோ திருப்பிப் போட்டோ இன்னும் 3 எழுதுவார். ஆறு சுற்று, 30 நிமிடம், வட்டத்துக்கு 108 குறிப்புகள். நிறைய திரும்பத் திரும்ப வரும், வரட்டும். தமிழில் எழுதலாம், கலந்தும் எழுதலாம், படம் வரையலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பேசக் கூடாது. நீங்களும் நடந்துகொண்டே ‘இது சரிவராதே’ என்று முகம் சுளிக்கக் கூடாது.

பத்து வட்டத்தின் தாள்களையும் சுவரில் ஒட்டுங்கள். பிறகு நாலு நாலு பேராக 15 புராஜெக்ட் குழு பிரிக்கலாம். எந்தக் குழுவும் எந்தத் தாளிலிருந்தும் எடுக்கலாம். எண்ணத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது.

வீட்டுக்குப் போனதும் சாட்ஜிபிடியைக் கேட்பார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வரிசையை மட்டும் காப்பாற்றுங்கள்: முதலில் கையெழுத்தில் சொந்தப் பட்டியல், பிறகு அது என்ன சொன்னது, அதில் எவை ஏற்கெனவே தங்கள் பட்டியலில் இருந்தன என்ற குறிப்பு. பல குழுக்களுக்கு அது ஒரே விடையைத் தந்திருக்கும். அந்த விடைக்குப் புதுமை மதிப்பெண் தானாகவே குறைந்துவிடும், காரணம் கீழே.

முதல் வரைவு வரும்போது மதிப்பெண் போடாதீர்கள், குறிப்பு மட்டும் எழுதுங்கள். ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்களின் வேலை மேம்பட்டது. குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் படிப்பதில்லை. குறிப்பும் குறிப்பிட்ட இடத்தைத் தொட வேண்டும்: ‘நன்று’ என்பதைவிட, ‘மூடி வழியாக வரும் வெப்பத்தைக் கணக்கில் எடுத்தீர்களா?’ என்பது நூறு மடங்கு உதவும்.

இனி 40 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம். யோசித்த எண்ணங்களையும் கைவிட்டவற்றையும் எழுதிவைக்கும் எண்ணப் பதிவேட்டுக்கு 10, கணக்குக்கும் பொருத்தத்துக்கும் 12, சோதனைக்கும் அதன் பிறகு செய்த மாற்றத்துக்கும் 10, புதுமைக்கு 8. பதிவேடு மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மற்றவை குழுவுக்குப் பொது. ஒருவர் உழைப்பில் மூன்று பேர் உட்கார்ந்து போவதை அந்தப் 10 ஓரளவு தடுக்கும்.

பதிவேட்டில் எத்தனை எண்ணம் என்று எண்ணாதீர்கள்; எத்தனை வகை என்று எண்ணுங்கள். தெர்மாகோலின் தடிப்பை 20, 25, 30 என்று மாற்றிய பன்னிரண்டு எண்ணமும் ஒரே வகைதான். குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது, வெப்பம் எப்படித் தடுக்கப்படுகிறது, பூ எப்படி அடுக்கப்படுகிறது, ஏற்றுவதற்கு முன்பே என்ன செய்யலாம் என்ற நாலு வகையையும் தொட்டிருந்தால் 6. கைவிட்ட எண்ணங்களில் இரண்டுக்காவது எண்ணோடு காரணம் எழுதியிருந்தால் மீதி 4. ‘மண்பானை முறை வேண்டாம், எடை கூடும்’ என்பது போதாது. எத்தனை கிலோ கூடும் என்று இருக்க வேண்டும்.

சோதனையை 1 கிலோ மொட்டை வைத்துச் செய்தால் போதும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், அரை மணிக்கு ஒரு அளவு, தொடக்கத்தையும் சேர்த்து 13 அளவுகள். இங்கே ஒரு பள்ளம் உண்டு. சின்னப் பெட்டி சீக்கிரம் சூடாகும். அதே வடிவத்தில் 10 கிலோ பெட்டியோடு ஒப்பிட்டால், கிலோ ஒன்றுக்கான மேற்பரப்பு 1 கிலோ பெட்டியில் இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் கவனிக்காத குழு நல்ல வடிவமைப்பைத் தோல்வி என்று தூக்கிப் போட்டுவிடும். 15 பாகை கிடைத்ததா என்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். ஏன் கிடைக்கவில்லை என்று கண்டுபிடித்து எதை மாற்றினார்கள் என்பதற்குக் கொடுங்கள். தோற்றால் மதிப்பெண் போகும் என்று தெரிந்த மாணவர் துணிந்து எதையும் செய்ய மாட்டார். தெர்மாகோலும் ஐஸும்தான் பத்திரம் என்று இருந்துவிடுவார்.

புதுமைக்கான 8, உங்களைச் சிக்கலில் மாட்டிவிட்ட பகுதி. உளவியலாளர் தெரேசா அமபிலி 1982-இல் விளக்கிய முறையின் எளிய வடிவம் இதற்கு உதவும். அந்தத் துறை தெரிந்தவர்கள், ஒருவரோடொருவர் பேசாமல், படைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடுவது அதன் அடிப்படை. ஒவ்வொரு குழுவும் பெயர் இல்லாமல், ஒரே பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு சுருக்கம் தர வேண்டும். வண்ணப் பிபிடியின் கவர்ச்சி அங்கேயே நின்றுவிடும். 15 தாள்களையும் கலைத்து, நீங்களும் இன்னொரு ஆசிரியரும் தனித்தனியாக நாலு அடுக்காகப் பிரியுங்கள்: 8, 6, 4, 2. பிரிக்கும்போது பார்க்க வேண்டியது: இதே வழியை வகுப்பில் எத்தனை குழு எடுத்திருக்கிறது? பன்னிரண்டு குழு எடுத்த வழி மேல் அடுக்குக்குப் போகாது. ஒரே குழு எடுத்த வழியும், கணக்கில் நிற்கவில்லை என்றால் போகக் கூடாது. விசித்திரம் வேறு, புதுமை வேறு. உலகுக்கே புதிது வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருவரும் ஓர் அடுக்கு மட்டும் வேறுபட்டால் சராசரி. இரண்டு அடுக்கு வேறுபட்ட தாள்களைப் பற்றி மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். தாளுக்கு இரண்டு நிமிடம் என்றால் அரை மணி நேர வேலை. கணக்குக்கான மதிப்பெண்ணை இன்னொரு நாள், தாள்களை மறுபடி கலைத்த பிறகு போடுங்கள்; ஒன்று மற்றொன்றின் மேல் சாயம் ஏற்றாமல் இருக்கும்.

அந்த மாணவி மறுபடி வந்து கேட்டால், ‘உன் குழு எடுத்த வழியை இன்னும் ஒன்பது குழு எடுத்திருக்கிறது, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே பார்த்து இதே அடுக்கில்தான் வைத்தார்கள்’ என்று தாள்களை விரித்துக் காட்டலாம்.

வைவாவுக்குக் குழுவுக்கு 4 நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். ஒரே ஒரு எல்லையை மாற்றிக் கேளுங்கள்: ‘ஐஸ் 2 கிலோதான் கிடைக்கிறது, என்ன செய்வீர்கள்?’ உழைத்த குழு உடனே பெட்டித் தடிப்புக்கோ முன்குளிர்வுக்கோ போகும். வாங்கி வந்த குழு அறிக்கையைப் புரட்டும். இந்தப் பதிலைக் கணக்குக்கான 12-இல் 4 ஆக வையுங்கள்.

எழுத்துத் தேர்வில் கடைசியாக வரும் 15 மதிப்பெண் கேள்வியையும் இதற்குப் பயன்படுத்தலாம். ‘வடிவமைக்க’ என்ற சொல் இருந்தால் மட்டும் அது K6 (புளூமின் அறிவுநிலைகளில் ‘படைத்தல்’) ஆகிவிடாது. வகுப்பில் போட்ட கணக்கையே எண் மாற்றிக் கேட்டால் அது K3 (‘பயன்படுத்தல்’) தான்.

முதல் பருவத்திலேயே இரண்டு மதிப்பீட்டையும் மாற்ற வேண்டாம். முதலாவதை வழக்கம்போல் நடத்திவிட்டு, இரண்டாவதில் ஒரே ஓர் அலகுக்கு இதைச் செய்யுங்கள். மதிப்பெண் பிரிப்பை மட்டும் கேள்வி கொடுக்கும் அன்றே தாளில் அச்சடித்து மாணவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கைவிட்ட எண்ணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதை அவர்கள் நம்ப வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.