தீசிஸுக்கு மாவட்ட மைய நூலகம்: ஏரியா புரோகிராமை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டது இது: பி.ஆர்க். (கட்டடக்கலை) ஐந்தாம் ஆண்டு, தீசிஸ் எனும் இறுதி டிசைன் திட்டத்துக்குத் தலைப்பு மாவட்ட மைய நூலகம். ‘முதலில் புரோகிராமோடு வா’ (கட்டடத்தில் என்னென்ன இடம், யாருக்கு, எவ்வளவு என்ற குறிப்பு) என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டார். சீனியர்களின் பழைய தீசிஸில் இருக்கும் ஏரியா ஸ்டேட்மென்ட்டை (அறைகளும் அவற்றின் பரப்பும் அடங்கிய அட்டவணை) எடுத்து, கொஞ்சம் மாற்றிப் போடலாமா?

வேண்டாம். அந்த அட்டவணையில் ‘படிப்பறை, 200 பேர்’ என்று இருக்கும். அந்த 200 பேர் யார், எந்த நேரத்தில் வருகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று ஜூரியில் (தீசிஸை மதிப்பிடும் குழுவில்) ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. புரோகிராம் என்பதே அந்தப் பதில்தான். அறைப் பெயர்களும் சதுர மீட்டரும் அதிலிருந்து கடைசியாக வருபவை.

உங்கள் ஊர் நூலகத்துக்குத் திறக்கும் நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அப்போதே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பையோடு காத்திருப்பார்கள். டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. பெரும்பாலும் சொந்தப் புத்தகம்தான்; நூலகத்திடம் அவர்கள் கேட்பது ஒரு நாற்காலி, மேலே ஃபேன், பக்கத்தில் பிளக் பாயின்ட், நல்ல கழிப்பறை, கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்க ஓர் இடம். காலையில் உட்கார்ந்தால் மூடும்வரை எழுந்திருக்காதவர்கள் உண்டு. நாளிதழ் பார்க்க வரும் பெரியவர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். இரண்டு பேருக்கும் ‘ஓர் இருக்கை’ என்று ஒரே கணக்குப் போட்டால் கட்டடம் முதல் நாளே நிரம்பிவிடும். பெண்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். வாசலில் விளக்கும் பஸ் நிறுத்தமும் இல்லாத நூலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களுக்கு இடமில்லை என்றே அர்த்தம். அதுவும் உங்கள் புரோகிராமில் ஒரு வரியாக வர வேண்டும்.

நூலகரிடம் இரண்டு கேள்வி போதும்: எந்த இடம் போதவில்லை? எந்த அறை பூட்டியே கிடக்கிறது?

லைவ் கேஸ் ஸ்டடிக்கு, அதாவது ஏற்கெனவே இருக்கும் நூலகத்தை நேரில் பார்த்து ஆராய, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போவீர்கள். 2010-ல் திறந்தது, ஒன்பது தளங்கள், 3.33 லட்சம் சதுர அடி. முகப்பைப் படமெடுப்பதைவிட, எது எந்தத் தளத்தில், ஏன் என்று பாருங்கள். பிரெய்ல் பிரிவும் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியும் தரைத்தளத்தில் இருக்கின்றன. சொந்தப் புத்தகத்துக்குத் தனியாக இடம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இங்கே வரும் வாசகரை நேரில் பார்த்தவர்கள்தான் அதை எடுத்திருக்க முடியும். வெளிநாட்டுத் தரநிலைக் கையேட்டில் அது கிடைக்காது.

கையேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசை அளவுக்கும் நடைபாதை அகலத்துக்கும் பாருங்கள். ஆனால் மொத்தப் பரப்பை நீங்களே கணக்கிடுங்கள். புத்தகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தட்டில் சுமார் 30 புத்தகம் நிற்கும். 90 செ.மீ. அகலமுள்ள இருபக்க அலமாரியில் பக்கத்துக்கு ஆறு தட்டு என்றால் மொத்தம் 10.8 மீட்டர், அதாவது 324 புத்தகம். புதிதாக வருவதற்குக் கால்வாசி காலி விட்டால் 243. அலமாரிகளை மையத்துக்கு மையம் 1.5 மீட்டரில் வைத்தால் ஒவ்வொன்றும் 1.35 சதுர மீட்டர் பிடிக்கும். சதுர மீட்டருக்கு 180 புத்தகம். குறுக்கு வழிகளையும் ஓரங்களையும் சேர்த்தால் 135 அளவில் வந்து நிற்கும். ஒரு லட்சம் புத்தகத்துக்குச் சுமார் 740 சதுர மீட்டர். இதே 1.5 மீட்டர்தான் உங்கள் தூண் இடைவெளியையும் முடிவு செய்யும்: 6 அல்லது 7.5 மீட்டர் வைத்தால் அலமாரிக்கு நடுவில் தூண் வந்து நிற்காது. பாரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர விதி ஐஎஸ் 875, 2.2 மீட்டர் உயரம்வரை புத்தக அடுக்குப் பகுதிக்குச் சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் கேட்கிறது. வீட்டு அறைக்கு 2. புத்தகங்களைக் கீழ்த்தளங்களில் வைக்கலாமா என்ற யோசனை இங்கேதான் தொடங்க வேண்டும்.

படிப்பவர் ஒருவருக்கு 2.5 சதுர மீட்டர் என்று தொடங்கலாம். நடைவழி, படிக்கட்டு, சுவர், கழிப்பறைக்கு எல்லாவற்றுக்கும் மேல் 35 சதவீதம் சேருங்கள்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் கடைசி, நூலகம் வளரும் உயிர் என்பது. பெரும்பாலான தீசிஸ்களில் இது முதல் ஷீட்டில் அழகான எழுத்தில் இருக்கும்; பிளானில் இருக்காது. உங்கள் புரோகிராமில் அதை எண்ணாக எழுதுங்கள்: இன்று எத்தனை புத்தகம், இருபது ஆண்டு கழித்து எத்தனை, அது எந்தப் பக்கம் வளரும்.

நேரில் போக முடியாத நூலகங்களில் இரண்டு போதும். அமெரிக்காவில் எக்ஸெட்டர் பள்ளி நூலகத்தை (1972) கட்டடக் கலைஞர் லூயி கான் வரையத் தொடங்கும் முன்பே, என்ன வேண்டும் என்று பள்ளித் தரப்பில் விரிவாக எழுதிக் கொடுத்தார்கள். படிப்பவர் ஜன்னலோரம், புத்தகம் வெயில் படாமல் உள்ளே என்ற அதன் அமைப்பைப் பிளானில் தேடிப் பாருங்கள். அங்கேயே சியாட்டில் மைய நூலகத்தில் (2004) ஓஎம்ஏ, எல்எம்என் என்ற கட்டடக்கலை நிறுவனங்களின் குழுவினர், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலை அப்படியே வரையவில்லை. புத்தகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே தேவை என்று கண்டு, ஒத்த வேலைகளைச் சேர்த்து அடுக்கினார்கள். அந்தக் குழு வரைந்த பட்டைப் படம், அறைகளை வட்டங்களாகப் போட்டு இணைக்கும் உங்கள் பபிள் டயகிராமைவிட அதிகம் சொல்லும்.

கிளையன்ட் யார் என்பதையும் விடாதீர்கள். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் வரும் நூலக ஆணைக்குழுதான். சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி அதன் முக்கிய வருமானம். முழுக் கட்டடத்துக்கும் ஏசி போட்டால் கரண்ட் பில் யார் கட்டுவது? பகலில் ஏசி இல்லாமல் எந்த அறைகள் ஓடும் என்று அட்டவணையில் ஒரு பத்தி வையுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் யார், எப்போது, எவ்வளவு நேரம், எதன் பக்கத்தில், எவ்வளவு சத்தம் என்று ஒரு வரி எழுதுங்கள். நேரில் பார்த்த ஒருவரைக்கூடச் சொல்ல முடியாத இடங்களை (ஆம்பிதியேட்டர், ஆர்ட் கேலரி) அடித்துவிடுங்கள். மிஞ்சியதைக் கூட்டி சைட்டோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரக் கட்டடம். தீயணைப்பு, செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்) எல்லாம் மாறிவிடும். மாவட்ட நூலகத்துக்கு அந்த உயரம் தேவைப்படாது என்பது என் கருத்து. தேவைப்பட்டால், கைடிடம் போகும் முன் இருக்கை எண்ணிக்கையை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.