ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள் வீக்கம் கூடுவது ஏன்?

கேள்வி: கீழ்த்தாடையில் ஈறுக்குள் படுத்துக் கிடந்த ஞானப்பல்லை, எலும்பைக் கொஞ்சம் ராவி எடுத்தார்கள். தையல் போட்டிருக்கிறது. முதல் நாள் அவ்வளவாகத் தெரியவில்லை. இன்று மூன்றாம் நாள். கன்னம் நேற்றைவிடப் பெரிதாக வீங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. ஆனால் வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை. பல் இருந்த குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா? ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடலாமா? ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா? வலி மாத்திரையை எத்தனை தடவை போடலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் சீழ் இல்லை. எலும்பைத் தொட்டுப் பல்லை எடுக்கும்போது, சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசியத் தொடங்கும். காயத்தை ஆற்ற வேண்டிய அணுக்கள் அந்த நீரோடுதான் வந்து சேர்கின்றன. இந்தக் கசிவு ஒரே நாளில் நிற்காது. 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்தைத் தொடும், பிறகு மெல்ல வற்றும். ஒரு வாரம் பத்து நாளில் முகம் பழையபடி ஆகிவிடும். முதல் நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்துப் பதறுபவர்கள் ஏராளம். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாதது பல் மருத்துவர்களான எங்கள் தரப்புக் குறைதான்.

குழியில் தெரியும் வெள்ளைப் படலமும் அப்படித்தான். முழங்கால் சிராய்த்தால் மேலே பொருக்கு கட்டுகிறது அல்லவா? வாய் எப்போதும் ஈரமாக இருப்பதால் அதே பொருக்கு இங்கே வெள்ளையாக, மெத்தென்று தெரிகிறது. விரலாலோ பிரஷ்ஷாலோ அதைச் சுரண்டாதீர்கள். சீழ் என்றால் தானாகக் கசியும், வாயில் கெட்ட சுவை தங்கும், அழுத்தினால் வெளியே வரும்.

ஆகவே ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்க வேண்டாம். அது கிருமியைக் கொல்லும் மருந்து. கிருமியால் வராத வீக்கத்தை அதனால் குறைக்க முடியாது. உங்கள் மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

ஐஸ் ஒத்தடத்துக்கு உரிய காலம் முதல் ஒன்றிரண்டு நாட்கள்தான். துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் 20 நிமிடம் வைப்பது, 20 நிமிடம் எடுப்பது என்று மாற்றி மாற்றிச் செய்தால் குழாய்கள் சுருங்கிக் கசிவு குறையும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இதமான சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். தேங்கிய நீர் வடியவும் இறுகிய தசை தளரவும் அது உதவும். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

வாய் திறக்க முடியாததற்குக் காரணம், மெல்லும் தசை காயத்தின் பக்கத்திலேயே இருந்து இறுகிக்கொள்வது. வலிக்கிறதே என்று அசைக்காமல் விட்டால் இன்னும் இறுகும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, ஒத்தடம் கொடுத்த கையோடு, முடிந்தவரை மெதுவாகத் திறந்து சில நொடிகள் நிறுத்தி மூடுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு தடவை போதும். பலவந்தமாக நெம்ப வேண்டாம். உங்கள் விரல்கள் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிந்தால் வாய் இயல்பாகத் திறக்கிறது என்று பொருள். இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

இப்போது மாத்திரை விஷயம். இதில்தான் பலர் தேவையில்லாமல் துன்பப்படுகிறார்கள். வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரையைத் தேடுவது தவறு. எழும்பிவிட்ட வலியை அடக்குவதைவிட, எழும்பாமல் பார்த்துக்கொள்வது மிகச் சுலபம். அதனால் முதல் மூன்று நாளும் வலி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். மரத்துப்போகும் ஊசியின் வேகம் இறங்குவதற்கு முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

இப்யூபுரூஃபன் காயம்பட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் வேதிப்பொருளைக் குறைக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையில் வேலை செய்கிறது. பாதை வேறுவேறாக இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போட்டால் தனித்தனியாகக் கிடைப்பதைவிட நல்ல நிவாரணம் கிடைக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஓபியாய்டு வகை (அபின் இனத்தைச் சேர்ந்த கடுமையான வலி நிவாரணி) மாத்திரைகளைவிட இவற்றையே முதலில் பரிந்துரைக்கிறது. வேறு நோய் இல்லாத பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 1000 மில்லிகிராமும் போடலாம். மருத்துவர் சொல்லாமல் இப்யூபுரூஃபன் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பாராசிட்டமால் எக்காரணம் கொண்டும் 4000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அந்த 1000 மில்லிகிராமே அதிகமாகலாம், மருத்துவரைக் கேளுங்கள்.

அதற்கு முன் உங்கள் மருந்துச் சீட்டை ஒரு தடவை படியுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்று ஏதாவது இருந்தால் அவை இப்யூபுரூஃபன் இனத்தைச் சேர்ந்தவை, இரண்டையும் சேர்க்கக்கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இப்யூபுரூஃபனை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆஸ்பிரினைக் காயத்தின் மேல் வைத்து அழுத்துவது ஈறைப் பொசுக்கிவிடும்.

இனி வரும் நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று திரும்பி, விண்விண் என்று காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஓடினால், மாத்திரைக்கும் மசியாவிட்டால், அது டிரை சாக்கெட். குழியை மூடியிருந்த ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு வெறுமையாக நிற்கிறது. வீட்டில் சகித்துக்கொண்டு கிடக்காதீர்கள். பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து தோய்த்த திரியை வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி தணியும். இதைத் தவிர்க்க, குறைந்தது ஒரு வாரம் புகைக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், வேகமாகக் கொப்பளிக்காதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, வாயில் வைத்துத் தலையை மட்டும் சாய்த்து, நீரைத் தானாக விழவிடுங்கள். உணவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம்.

நாளை முதல் தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் கன்னத்தைப் படம் எடுத்து வையுங்கள். தோல் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி நிறம் கழுத்து வரை இறங்கினால் பயப்பட வேண்டாம், அது கன்றிப்போன ரத்தம் கலைவது. நான்காம், ஐந்தாம் நாள் படங்களில் வீக்கம் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சீழ் வந்தால், அல்லது உதடோ நாக்கோ இன்னும் மரத்தே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே. நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவானாலும் சரி.