பட்டறைப் பதில்கள்: இடது மரையும் கிரானைட் தூசும்

கேள்வி: 1970-களில் வாங்கிய புல்லட் 350 ஒன்று, பன்னிரண்டு ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகையில் நின்றிருக்கிறது. கிக்கர் அசையவே இல்லை. இன்ஜினை முழுவதும் பிரித்துத்தான் ஆக வேண்டுமா? வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், காரிமங்கலம்

முதலில், கிக்கர் மேல் ஏறி நிற்பதை நிறுத்துங்கள். பிஸ்டன் இளகுவதற்குள் கியர்பாக்ஸில் இருக்கும் கிக்கர் பல் உடைந்துவிடும். பிறகு அது தனிச் செலவு.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ரிங்குக்கும் வார்ப்பிரும்பு பிளாக்குக்கும் நடுவே பிடித்த துரு. பிளக்கைக் கழற்றி, டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சமபங்கு கலந்து 50 மில்லி ஊற்றி மூன்று நாள் ஊறவிடுங்கள். நாளுக்கு இரண்டு தடவை வண்டியை நான்காவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் போதும். பெரும்பாலும் நான்காம் நாள் விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் ஹெட்டை எடுத்துவிட்டு, பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டலாம். நேராக இரும்புச் சுத்தியலை வைத்தால் பிஸ்டன் போச்சு.

இளகியதும் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம். பிளாக்கில் துருத்தூள் இருக்கும், கிராங்கின் ஆயில் வழியில் பழைய கசடு கெட்டியாகி இருக்கும். குறைந்தபட்சம் பிளாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மாட்டுக்கொட்டகை என்பதால் இன்னொன்று: கோமியத்திலிருந்து கிளம்பும் அமோனியா பித்தளையை அரிக்கும். கார்புரேட்டர் ஜெட்டுகள் (பெட்ரோல் செல்லும் சிறு துளைகள்) பச்சை பூத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தாமல் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

ஸ்பேனரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துப் புல்லட்டில் பல நட்டுகள் பழைய பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் 'ஏறக்குறைய' உட்காரும். இரண்டாவது முறை மூலை மழுங்கிவிடும். பி.எஸ்.எஃப். – விட்வொர்த் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டைமிங் பக்கம் திறந்தால் கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் (திருகுப் பல்) தெரியும். அது இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பைப் மாட்டி இழுத்துக் கிராங்க் முனையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பிளாக்கைக் கழற்றிய பிறகுதான் உண்மையான வேலையே, அதாவது அளப்பது. ஸ்டாண்டர்டு போர் (பிளாக் துளையின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 90 மி.மீ. போர் கேஜ் உங்களிடம் இருக்காது; லேத் பட்டறையில் கேட்டால் அளந்து தருவார்கள். மேல், நடு, கீழ் என மூன்று உயரம், முன்–பின், இடம்–வலம் என இரண்டு திசை: ஆக ஆறு எண்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் அதிகம் தெரிவது மேல் ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முன்–பின் திசையில். அந்த இடத்துக்கும், ரிங் தொடாத மேல் விளிம்புக்கும் வித்தியாசம் 0.15 மி.மீ.-ஐத் தாண்டினால் போர் பண்ண (துளையைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும். அதற்குள் இருந்து, துருக்குழியும் இல்லையென்றால் ஹோனிங் (துளையின் உட்சுவரைச் சாணைக்கல்லால் தேய்ப்பது) செய்து புது ரிங் போட்டால் ஓடும்.

போர் பண்ணுவதென்றால் வரிசை முக்கியம். முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்குங்கள். அதைக் கையோடு போரிங் கடைக்கு எடுத்துப் போய், பிஸ்டன் பாவாடையை (ரிங்குகளுக்குக் கீழ்ப்பகுதி) மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லி, அந்த அளவுக்கு மேல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சொல்லிப் போர் போடச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு 3.5 முதல் 4 தௌ வரை (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது எங்கள் பரிந்துரை. பிஸ்டன் பெட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். 'இருபது ஓவர் போட்டு வைங்க, பிஸ்டன் அப்புறம் கொண்டாறேன்' (அதாவது இருபது தௌ பெரிதாக) என்று பிளாக்கை மட்டும் விட்டுவிட்டு வந்தால், இறுக்கமாகி முதல் ஐம்பது கிலோமீட்டரில் சீஸ் ஆகும் (பிஸ்டன் இறுகி நின்றுவிடும்). இல்லையென்றால் தளர்ந்து பிஸ்டன் அடிக்கும்.

ரிங் இடைவெளியை நீங்களே பார்க்கலாம். ரிங்கை மட்டும் பிளாக்கில் விட்டு, பிஸ்டன் தலையால் ஓர் இஞ்ச் கீழே தள்ளினால் நேராக உட்காரும். வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். போர் இஞ்சுக்கு 4 தௌ என்பது பழைய கணக்கு, 70 மி.மீ.-க்கு 11 தௌ வரும். அதற்குக் குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி ரிங் முறியும். மெல்லிய அரத்தால் ஒரே திசையில் ராவி எடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேர் பதில். பிஸ்டனை உச்சத்துக்குக் கொண்டுவந்து, கனெக்டிங் ராடை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுவது இயல்பு. செங்குத்தாகக் 'கடக்' என்று கைக்குத் தட்டினால் அடிப்பாகத்தைப் பிரித்தே ஆக வேண்டும். தட்டவில்லை, மெயின் பேரிங்கும் கரகரக்கவில்லை என்றால் பிரிக்காதீர்கள். நன்றாக இருக்கும் கிராங்கை 'எப்படியும் கழற்றியாச்சு' என்று பிரஸ்ஸுக்கு அனுப்பி, கோணலாகத் திரும்பி வாங்கிய வண்டிகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

கேள்வி: புல்லட்டுக்குப் புது பிக் எண்ட் புஷ், ரிங் எல்லாம் போட்டேன். 200 கிலோமீட்டருக்குள் கீழே டக் டக் சத்தம். மறுபடி பிரித்தால் புஷ் நீலம் பாய்ந்து உருகியிருக்கிறது. பொருள் மட்டமா, என் வேலை மட்டமா?
– வாசகர், பாலக்கோடு

நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போகவில்லை என்று பொருள். பழைய புல்லட்டின் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் கீழ்முனை) உருளை பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். ஆயில் படலத்தின் மேல்தான் அது வாழ்கிறது. சில நிமிடம் வறண்டாலே போதும், முடிந்தது.

ஆயில் எங்கே நின்றது என்று இந்த வரிசையில் தேடுங்கள். டைமிங் கவருக்குள், கிராங்க் முனை வந்து உட்காரும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கும். பழைய வண்டியில் அது கார்க். அதன் வழியாகத்தான் பிக் எண்டுக்கு ஆயில் நுழைகிறது. கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய சாமான் அது, விலையும் அற்பம். பலர் பழையதையே வைத்து மூடுகிறார்கள். அது நசுங்கியிருந்தால் ஆயில் கிராங்குக்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும்.

அடுத்தது சிலிக்கான். பேக்கிங்கின் இரு பக்கமும் தாராளமாகப் பிதுக்கினால் பாதி உள்ளே போகும். அது நூலாகப் பிய்ந்து ஆயில் துளையில் அடைத்துக்கொள்ளும். பேக்கிங் தாளில் துளைகள் கேஸ் துளைகளோடு சரியாக ஒத்து வருகின்றனவா என்று வைத்துப் பார்த்த பிறகே ஒட்டுங்கள். கேஸைப் பளபளப்பாக்க மணல் அல்லது கண்ணாடி மணி பிளாஸ்டிங் கொடுத்திருந்தால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஆயில் வழியில் தங்கிய ஒரு மணியே போதும். எல்லாத் துளையையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்ப்ரஸர் காற்றால் அடித்து, மறுமுனையில் வெள்ளைத் துணி பிடித்துப் பாருங்கள்.

பம்ப் தட்டின் முகம் கீறியிருந்தால் அழுத்தம் குறையும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் மெட்டல் பாலிஷ் தடவி எட்டு வடிவில் தேய்த்தால் முகம் சமமாகும். நிறுத்தி வைத்தால் ஆயில் முழுக்க கிராங்க் கேஸுக்கு இறங்கி, காலையில் கொட்டகை முழுக்கப் புகை வருகிறதே என்று வேறு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் மருந்து இதுதான்.

மூடிய பிறகு நேராக ஸ்டார்ட் செய்யக் கூடாது. 20டபிள்யூ–50 ஆயிலை ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது அறுபது கிக் அடியுங்கள். ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். அங்கே ஆயில் கசிந்தால்தான் பிளக் மாட்ட அனுமதி. அந்தப் பைப்புக்கு ஆயில் தருவது திரும்பும் பம்ப் என்பதால், அங்கே வந்துவிட்டால் ஆயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது என்று தெரியும். டேப்பட்டை (வால்வு இடைவெளியை)க் குளிர்ந்த நிலையில் இடைவெளியே இல்லாமல் வையுங்கள்: புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இக்னிஷன் பாயின்ட் இடைவெளி 15 தௌ.

முதல் ஆயிலை 100 கிலோமீட்டரில் கொட்டிவிடுங்கள், அடுத்ததை 500-ல். அதுவரை 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். சேலம் போனால் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம் இருக்கிறது. ரன்னிங்–இன் (புது பாகங்கள் பழகும் ஓட்டம்) முடியாத வண்டிக்கு அந்தப் பாதை வேண்டாம்.

கேள்வி: யெஸ்டி 250, இன்ஜின் சூடானதும் ஐடிலிங் தானாக ஏறுகிறது, பிளக் வெளுத்துப் போகிறது. கார்புரேட்டரை மூன்று மெக்கானிக் திருகியாயிற்று.
– வாசகர், ஓசூர்

நான்காவது ஆள் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். எங்கிருந்தோ கள்ளக் காற்று நுழைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான் காற்று பம்ப். அதன் இரண்டு பக்கச் சீலும் இறுக்கமாக இருந்தால்தான் கலவை சரியாக இருக்கும். வலது பக்கம், டைனமோ இருக்கும் பக்கம், சீல் போனால் உள்ளே இழுப்பது வெறும் காற்று: பிளக் வெளுக்கும், ஐடிலிங் ஏறும், ஒருநாள் நெடுஞ்சாலையில் சீஸ் ஆகும். இடது பக்கம், கிளட்ச் பக்கம், போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும்: புகை மண்டும், ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும். உங்களுடையது முதல் வகை போலத் தெரிகிறது.

ஊகிக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதிக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பல்பும் மீட்டரும் போதும். இரட்டைச் சைலன்சர் வண்டி என்பதால் எக்ஸாஸ்ட் வாய் இரண்டையும் சைக்கிள் டியூப் ரப்பரும் இரும்புப் பட்டையும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, அந்த வாயையும் தகடு வைத்து அடையுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கருவியின் டியூபை இணையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். பல்பை அழுத்தி மீட்டரை 250-க்கு (மி.மீ. பாதரசம்) ஏற்றுங்கள். ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். ஒழுங்கான இன்ஜினில் முள் சில நிமிடம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் ஓட்டை உண்டு. டைனமோவைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், ஹெட் பேக்கிங், பிளாக் அடிப் பேக்கிங் எல்லா இடத்திலும் தடவுங்கள். கிளட்ச் பக்கச் சீல் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் ஊற்றும் வாயில் குமிழி வந்தால் அதுதான்.

கேஸைப் பிரிக்க நேர்ந்தால், பேரிங்கை அடித்து ஏற்றாதீர்கள். பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வையுங்கள். கேஸை மின்னடுப்பில் சீராகச் சூடேற்றி, தண்ணீர்த் துளி பட்டதும் துள்ளி ஓடும் சூட்டில் பேரிங்கை விட்டால் தானாக விழுந்து உட்காரும். புளோ லாம்ப்பால் ஒரே இடத்தில் சுட்டால் கேஸ் வளையும். கிராங்கில் புது ராடு, பின் ஏற்றுவது மட்டும் வீட்டு வேலை அல்ல. அதைப் பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள், ஓட்டம் (சுழலும்போது வரும் கோணல்) 0.03 மி.மீ.-க்குள் வர வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். ஓசூரில் துல்லிய வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: கிரானைட் பாலிஷ் போடும் இடத்துக்குத் தினமும் ஆர்.எக்ஸ். 100-ல் போகிறேன். ஒவ்வொரு வருடமும் ரிங் தேய்ந்துவிடுகிறது. எந்தக் கம்பெனி ரிங் நல்லது?
– வாசகர், கிருஷ்ணகிரி

எந்த ரிங்கும் உங்களிடம் ஒரு வருடம்தான் இருக்கும். கிரானைட் தூளில் உள்ள குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினம். அது ஆயிலோடு சேர்ந்தால் வால்வு லேப்பிங் பேஸ்ட்தான். அதிலும் டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள் நுழைந்து பிறகே மேலே போகிறது. ஆகவே ரிங் தேயும் வேளையில் பிக் எண்டும் மெயின் பேரிங்கும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஃபோம் ஃபில்டரை வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, உலர்த்தி, 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலில் நனைத்து மறுபடி பிழிந்து மாட்டுங்கள். எண்ணெய் தடவாத ஃபோம் தூசைப் பிடிக்காது. அதைவிட முக்கியம், ஃபில்டர் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய். அதை வளைத்துப் பாருங்கள். மடிப்பில் கீறல் இருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. உள் சுவரில் விரல் விட்டுத் தடவுங்கள், நறநறத்தால் தூசு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஃபில்டரையே கழற்றி வீசிவிட்டு 'பிக்கப் சூப்பர்' என்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

கேள்வி: கழற்றிய சாமான்களை ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

போரிங், ஹோனிங் முடிந்த பிளாக்கைக் கழுவத்தான் வேண்டும். துணியால் துடைத்தால் சாணைத்தூள் போகாது. சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஆனால் நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. கழுவிய ஐந்து நிமிடத்தில் பிளாக் செம்மை படரும். கடைசி அலசலுக்கு மழைநீரோ, சுத்திகரித்த கேன் தண்ணீரோ பயன்படுத்தி, உடனே காற்றடித்து, சூடு ஆறுமுன் ஆயில் தடவுங்கள். வெள்ளைத் துணி அழுக்காகாமல் வரும்வரை திரும்பவும் தேய்க்க வேண்டும். பேரிங்கைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

கேள்வி: இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா?
– வாசகர், சூளகிரி

இன்ஜினைவிட ரப்பரைத்தான் முதலில் கெடுக்கும். பழைய பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் வாஷர், ஃபைபர் டேங்க் எல்லாம் ஊறி இளகும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

கலவையும் சற்று வறளும், அதாவது காற்று மிகுந்து எரிபொருள் குறையும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு, 20 விழுக்காடு எத்தனாலில் பதின்மூன்றரையை ஒட்டி இறங்குகிறது. சமவெளியில் மெயின் ஜெட்டை ஓர் அளவு ஏற்ற வேண்டி வரலாம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். காற்று அங்கே மெல்லியது என்பதால் கலவை தானே கொஞ்சம் செழிக்கும். ஓசூரில் சரியாக ஓடிய வண்டி கிருஷ்ணகிரிக்கு இறங்கியதும் சூடேறுவதாகச் சொல்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். பிளக்கின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஜெட்டை மாற்றுங்கள்.

கேள்வி: புல்லட் கிராங்க் கேஸில் ஒரு பாதி விரிசல். பழைய சாமான் கடையில் அந்தப் பாதி மட்டும் கிடைக்கிறது, வாங்கலாமா?
– வாசகர், அரூர்

வேண்டாம். இரு பாதியையும் சேர்த்து வைத்துத்தான் மெயின் பேரிங் துளையைக் கடைந்திருப்பார்கள். ஒன்றின் இடது இன்னொன்றின் வலதோடு நேர்கோட்டில் நிற்காது. கிராங்க் கையால் சுற்றும்போதே இறுகும். விரிசல் பேரிங் இருக்கையைத் தொடவில்லை என்றால் ஆர்கான் வெல்டிங் போடலாம். தொட்டிருந்தால் ஜோடியாகவே வாங்குங்கள். இன்ஜின் எண் கேஸில்தான் இருக்கிறது. பழைய எண்ணைப் புதியதில் வெட்டுவது குற்றம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். கேஸ் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.