4294967297 பகா எண்தானா? வகுத்துப் பார்ப்பதை எங்கே நிறுத்தலாம்?

கேள்வி: 4294967297 என்ற எண்ணை 600 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன்; ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. பகா எண் என்று முடிவு கட்டலாமா? கணினி நிரலில் கொடுத்தால் இந்த எண் 1 ஆக மாறிவிடுவது ஏன்?

பதில்: முடிவு கட்ட வேண்டாம். இன்னும் ஏழு பகா எண்களை முயன்றிருந்தால், ஏழாவதாக வரும் 641 மீதியின்றி வகுத்திருக்கும்: 641 × 6700417 = 4294967297.

பொது விதிப்படி வர்க்கமூலம் வரை, அதாவது இங்கே 65536 வரை, வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருப்பதால் அது கையால் ஆகிற வேலையன்று. ஆனால் உங்கள் எண் ஏதோ ஓர் எண்ணன்று, 2³² + 1; இதில் அடுக்காக உள்ள 32உம் 2இன் அடுக்கே (2⁵). இதே வார்ப்பில் அமைந்த 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக இருக்கக் கண்ட கணித அறிஞர் ஃபெர்மா, அடுத்தடுத்து வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை 1732இல் கணித அறிஞர் ஆய்லர் இந்த எண்ணைக் கொண்டே உடைத்தார்.

p என்பது இதன் பகாக் காரணி என்று கொள்வோம். அப்போது 2³²ஐ p ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது p − 1) என்றாகிறது; அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴இன் மீதி 1. ஆகவே 2இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவது 64ஆம் அடுக்கில்தான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி p − 1ஆம் அடுக்கிலும் மீதி 1 வருவதால், p − 1 என்பது 64இன் மடங்காகவே இருக்க வேண்டும். பின்னர் கணித அறிஞர் லூக்கா இந்த 64ஐ 128 ஆக உயர்த்தினார். எனவே நாம் பார்க்க வேண்டியவை 129, 257, 385, 513, 641 என்று 128 கூடிக்கொண்டே போகும் எண்கள் மட்டுமே. இவற்றில் 129, 385, 513 மூன்றும் பகு எண்கள். 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295 என்பதால், 257ஆல் வகுத்தால் மீதி 2 வந்தே தீரும். ஆக, வகுத்துப் பார்க்கத் தேவைப்படும் முதல் எண்ணே 641தான்!

மிஞ்சிய 6700417 பகா எண்ணா என்பதற்கும் இதே வழி உதவுகிறது. அதன் காரணி மூல எண்ணுக்கும் காரணியாகும் என்பதாலும், அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டுவதாலும், 641, 769, 1153, 1409 என்ற நான்கை மட்டும் சோதித்தால் போதும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆகவே அது பகா எண்ணே. மூல எண்ணுக்கு 1, 641, 6700417, அதே எண் என நான்கே வகுத்திகள்.

நிரலில் நேர்ந்தது வேறு. குறியற்ற (எதிர்ம மதிப்புகளை ஏற்காத) 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 4294967295. அதைத் தாண்டியதும் எண்ணிக்கை மீண்டும் 0இலிருந்து தொடங்குவதால் உங்கள் எண் 1 ஆகிவிட்டது. 64 பிட் மாறிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஃபெர்மா சோதனையை (n பகா எண்ணானால், அடிமானமாக எடுத்த எண்ணின் n − 1ஆம் அடுக்கை n ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்று பார்ப்பது) அடிமானம் 2 வைத்து மட்டும் நடத்தாதீர்கள். இந்த வார்ப்பில் உள்ள எல்லா எண்களும், பகு எண்கள் உட்பட, அதில் தேறிவிடும். அடிமானம் 3 வைத்தால் இந்த எண் உடனே அகப்பட்டுக்கொள்ளும்.