பாம்டேலில் மேற்கா, கிழக்கா?

சகோ, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இருக்கும் கலிபோர்னியா ஊரான பாம்டேலில் எந்தப் பக்கம் வீடு வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு பாம்டேலில் வேலை, மனைவிக்கு லாஸ் ஏஞ்சலஸில் என்றால் மேற்குப் பக்கமே வீடு பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகும் 14ஆம் ஃப்ரீவே ஏறுவது சுலபம். கிழக்கே விலை கம்மிதான், ஆனால் தினமும் ஊரைக் குறுக்கே கடக்கணும். மெட்ரோலிங்க் ரயிலில் லாஸ் ஏஞ்சலஸின் யூனியன் ஸ்டேஷன் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

மலையோரத் தெற்குப் பகுதி அழகு. ஆனால் நிலநடுக்கம் உண்டாக்கும் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அங்கேதான் ஓடுகிறது. அவென்யூ எஸ் அருகே ஃப்ரீவேக்காக வெட்டிய குன்றில் மடிந்து நெளிந்த பாறை அடுக்குகள் காரிலிருந்தே தெரியும். வீடு பிளவு மண்டலத்துக்குள் வருகிறதா என்பதை விற்பவர் எழுத்தில் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள்.

காற்று பொல்லாதது. மத்தியானத்துக்கு மேல் போய்ப் பாருங்கள். பக்கத்தில் காலி மனை இருந்தால் அந்த மண்ணெல்லாம் உங்கள் ஹாலில்தான். கொல்லையில் ஜோஷுவா மரம் (சட்டம் பாதுகாக்கும் பாலைவன மரம்) நின்றால் அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது.